கொம்பனுக்குக் கட்டிய கூண்டு

கருத்தக்கண்ணன் சோற்றுச் சட்டியோடு வந்து நின்றபோது கூண்டு காலியாகக் கிடந்தது.

பால் ஊற்றி, முட்டை உடைத்துப் போட்டு அவரே பிசைந்த சோறு. "நான் கொண்டுபோய் வச்சுட்டு வாரேங்க" என்று மனைவி மகாலட்சுமி கையை நீட்டியபோதுகூட அவர் சட்டியைக் கொடுக்கவில்லை. "என் கையால தின்னாத்தான் எம்மேல ஒட்டுதல் வரும்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்து வந்திருந்தார். வந்து பார்த்தால், கம்பி வலையின் ஒரு மூலை பிய்ந்து வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. கம்பி முனையில் செவலை முடி நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கே போயிருக்கும் என்று தேட வேண்டிய வேலை இல்லை. அவருடைய திராட்சைப் பந்தலை ஒட்டி வாய்க்கால். வாய்க்காலுக்கு அக்கரையில் மச்சினன் வேல்பாண்டியின் தென்னந்தோப்பு. அங்கே வேல்பாண்டி, காய்ந்து விழுந்த மட்டைகளை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தான். அவன் மட்டையின் அடியைப் பிடித்து இழுக்க, நுனியைக் கவ்விக்கொண்டு கூடவே நடந்தது கொம்பன். என்னவோ பாதி வேலை தன்னுடையது என்பது மாதிரி ஒரு நடை. வால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வாலைப் பார்க்கப் பார்க்கக் கருத்தக்கண்ணனுக்கு வயிறு எரிந்தது.

"கொம்பா! ஏலே, இங்கன வா!"

நாய் காதைத் தூக்கிப் பார்த்தது. அப்புறம் வேல்பாண்டியின் முகத்தைப் பார்த்தது. அவன், "போடா, மச்சான் கூப்பிடுறாகல்ல, போ" என்று சொன்ன பிறகுதான் மட்டையை விட்டது. வாய்க்காலைத் தாண்டி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. கூப்பிட்டதற்கு வராமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் அனுப்பி வந்ததுதான் கருத்தக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

காமயகவுண்டன்பட்டியில் கருத்தக்கண்ணனைப் பற்றி யாரும் ஒரு சொல் தப்பாகச் சொல்ல முடியாது. கவாத்துக்கோ மருந்தடிக்கவோ ஆள் கிடைக்காவிட்டால் தானே பந்தலுக்கடியில் குனிந்து நின்று முடித்துவிடுகிற உழைப்பாளி. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் மரியாதையோடு எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள். வேல்பாண்டி வந்தால் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். மோட்டார் ஓடவில்லை என்றால், "தம்பியக் கூப்பிடுவமா?" என்பதுதான் மகாலட்சுமி வாயில் முதலில் வரும். சென்னையில் வேலை பார்க்கும் மகள் போனில், "அப்பா, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு, "மாமா அங்கன இருக்காகளா?" என்பாள். அதற்குப் பிறகு சிரிப்பும் பேச்சுமாக நேரம் போவதே தெரியாது. கருத்தக்கண்ணன் திராட்சைக் கூடைகளை எண்ணுவதுபோல முற்றத்தில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். அப்படி என்ன இருக்கிறது இவனிடம்? நாலு தென்னை மரம். ஒரு பழைய டிவிஎஸ் வண்டி. எப்போது பார்த்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு முகம்.

காட்டுப்பன்றி இறங்கித் தோட்டத்தைக் கிளறுகிறது என்று வேட்டை நாய்க்குப் பேர்போன கோம்பைக்குப் போய் நாய்க்குட்டி எடுத்து வந்தபோதே கருத்தக்கண்ணன் ஒரு முடிவோடுதான் வந்தார். இது ஒன்றாவது தனக்கே தனக்கென்று இருக்க வேண்டும். கூட வந்த வேல்பாண்டி, ஓரமாகப் படுத்திருந்த சாதுவான குட்டியைக் காட்டினான். அதற்காகவே அவர், மற்ற குட்டிகளை மிதித்துக்கொண்டு மேலே ஏறிய முரட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டார். கருத்த மூஞ்சி, செவலை உடம்பு. கம்பம் ஊருக்குள் கொம்பன் யானை ஒன்று புகுந்து ஊரே அல்லோலகல்லோலப்பட்ட வருடம் அது. அந்த நினைப்பில் கொம்பன் என்று பெயர் வைத்தார்.

குட்டி வளர்ந்தது. நெஞ்சு அகன்று, தாடை இறுகி, ஒரு முறை கவ்வினால் விடாத நாயாக ஆனது. கூடவே, கூண்டில் அடைத்தால் வேல்பாண்டி தோப்பில் போய் நிற்கிற நாயாகவும் ஆனது.

கம்பி வலையை அது பிய்த்ததும் கருத்தக்கண்ணன் தடித்த வலை வாங்கி அடித்தார். கொம்பன் அடியில் மண்ணைப் பறித்துப் பள்ளம் தோண்டி வெளியே போனது. தரைக்குக் கான்கிரீட் போட்டார். அது வலையில் நகத்தை மாட்டி ஏணிபோல ஏறி, ஆளுயரத்துக்கு மேலே இருந்து குதித்தது. மேலே கம்பி போட்டுத் தகரம் வேய்ந்தார். ஒரு வாரம் அடங்கிக் கிடந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் வலை அறுபடவில்லை, மண் பறிபடவில்லை, தகரம் அசையவில்லை. கதவு மட்டும் திறந்து கிடந்தது.

கருத்தக்கண்ணன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில்லாத பிராணி கதவைத் திறக்குமா? யாரோ திறந்து விட்டிருக்கிறார்கள். யார் என்று யோசிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. உள்ளுக்குள் கோபத்தை விடச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. இத்தனை வருடத்தில் மச்சினன் மேல் சொல்வதற்கு முதல் முறையாக ஒரு குற்றம் கிடைத்திருக்கிறது.

அன்றைக்கு வேல்பாண்டியே கொம்பனின் கழுத்தில் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், திரும்பவும் வந்துருச்சு. ரோட்டுப் பக்கம் போயிரப் போகுதுன்னு பிடிச்சுட்டு வந்தேன்."

"நீயே தெறந்து விடுவ, நீயே பிடிச்சுட்டு வருவ. நல்ல கூத்துதான்."

வேல்பாண்டிக்கு முதலில் புரியவில்லை. சிரித்தான். "என்ன மச்சான் சொல்றீக?"

"கூண்டு தானாத் தெறக்குமா? கறியும் எலும்பும் போட்டுப் போட்டு என் நாயப் பழக்கிட்ட. இப்ப கதவையும் தெறந்து விடுற. அடுத்தவன் வீட்டுல இருக்குறதெல்லாம் உனக்குத்தான் வேணும், இல்லையால?"

"ஏங்க!" என்று மகாலட்சுமி உள்ளே இருந்து ஓடி வந்தாள். "என்ன பேச்சு பேசுறீக? அவன் ஏன் தெறந்து விடப் போறான்?"

"ஒன் தம்பின்னா நீ விட்டுக் குடுப்பியா?"

வேல்பாண்டி துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். "எங்க அக்கா மேல சத்தியமா நான் தொடல மச்சான்" என்றான்.

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

அவன் போய்விட்டான். மகாலட்சுமி அழுதாள். அன்றைக்கு அவள் சோறு போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கருத்தக்கண்ணன் மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் மச்சினனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று அவர் மோட்டார் அறைக்குள் போய், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். உச்சி வெயில். பந்தலுக்கடியில் ஆள் நடமாட்டம் இல்லை. கொம்பன் படுத்திருந்தது. அக்கரையில் வேல்பாண்டி யாருடனோ பேசும் சத்தம் கேட்டதும் எழுந்தது. கதவுப் பக்கம் போய், வலையின் இடுக்கு வழியாகக் கருத்த மூக்கை நீட்டி, கொண்டியை மேலே தள்ளியது. கொண்டி வழுக்கி விழுந்தது. திரும்பவும் தள்ளியது. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ கொண்டி விலகியது. தலையால் கதவை முட்டித் திறந்துகொண்டு, ஒரே ஓட்டமாக வாய்க்காலைத் தாண்டிவிட்டது.

கருத்தக்கண்ணன் உடனே எழுந்திருக்கவில்லை.

மச்சினன் மேல் தப்பில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. நேராக அக்கரைக்குப் போய், "மாப்ள, தப்பா நெனச்சுட்டேன்" என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. எழுந்து நாலடி நடக்கவும் செய்தார். அப்போது தோப்பில் இருந்து வேல்பாண்டியின் குரல் கேட்டது: "வந்துட்டியாடா? உன்னால எனக்குப் பேச்சுதான்டா மிச்சம்!" திட்டுகிற குரல்தான். ஆனாலும் நாய் குதித்துக் குதித்து அவன் மேல் ஏறியது. கருத்தக்கண்ணனின் கால் நின்றுவிட்டது.

அவன் வீட்டுக்கு வராமல் இருப்பதே நல்லதுதானே என்று ஒரு நினைப்பு வந்தது. நேற்று அவன் போனதிலிருந்து வீட்டில் அவன் பேச்சு இல்லை. மகள் போன் செய்தபோது அவரோடுதான் பேசினாள். நான் ஏன் போய்ச் சொல்ல வேண்டும்? சொல்லாமல் இருப்பது பொய்யா என்ன?

சொல்லாமல் இருப்பதோடும் அது நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து டீக்கடையில் யாரோ நாயைப் பற்றிக் கேட்டபோது, "எல்லாம் நம்ம மச்சினன் பண்ற வேலைதான். கூண்டத் தெறந்து தெறந்து விடுறான்" என்று அவர் வாயாலேயே சொன்னார். நடந்தது என்ன என்று கண்ணால் பார்த்த பிறகு சொன்னார். ஊர் அதை நம்பியது. கருத்தக்கண்ணன் பொய் சொல்கிறவர் இல்லை என்பது ஊருக்குத் தெரியும் அல்லவா?

அடுத்து அவர் கம்பத்துக்குப் போய், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜெய்லானியைப் பார்த்தார்.

"எந்த நாயாலயும் வெளிய வர முடியாத மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க பாய்."

ஜெய்லானி தோட்டத்துக்கு வந்து, பழைய கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொம்பனையும் பார்த்தார். "இது சும்மா நாய் இல்லண்ணே. ஒரு எடம் கொஞ்சம் ஆடுதுன்னு தெரிஞ்சாப் போதும், நாள் பூரா அந்த எடத்துலயே நிக்கும். நாம அதுக்கு ஆடுற எடமே வைக்கக் கூடாது" என்றார். அளவு எடுத்துக்கொண்டே, "ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம்ணே வெளிய விட்டு ஓட விடுவீக?" என்று கேட்டார். கருத்தக்கண்ணன் காதில் விழாதது போல இருந்துவிட்டார். ஜெய்லானியும் டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

கூண்டு வந்து இறங்கியது. சதுரக் குழாயில் சட்டம். கை விரல்கூட நுழையாத வெல்டு மெஷ் கம்பி வலை, வாயில் கவ்விப் பிடிக்க முனை கிடைக்காதபடி உள்பக்கமாக வைத்து அடிக்கப்பட்டிருந்தது. சட்டத்தின் கால்கள் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருந்தன. தோண்டினாலும் தட்டுப்படும்படி அடியிலும் கம்பி விரித்திருந்தார்கள். மேலே கம்பிக் கூரை, அதற்கும் மேலே வெயில் படாத தகரம். தாழ்ப்பாள் வெளியே, நாயின் மூக்கு எட்டாத உயரத்தில். அதற்கு ஒரு பூட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ரெட்டைக் கதவு. வெளிக்கதவைத் திறந்து ஓர் ஆள் நிற்கும் அளவுள்ள சின்ன அறைக்குள் போய், அதைச் சாத்தித் தாழிட்ட பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும்.

"இது ரொம்ப முக்கியம்ணே" என்று ஜெய்லானி அழுத்திச் சொன்னார். "முன் கதவச் சாத்தாம உள் கதவத் தொடவே கூடாது. எம்புட்டு அவசரமா இருந்தாலும் சரி."

அந்தக் கூண்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். "நாய்க்கே இப்படின்னா!" என்றார்கள். கருத்தக்கண்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொம்பனால் வெளியே வர முடியவில்லை. ஒவ்வொரு மூலையாக முகர்ந்தது, பிறாண்டியது, முட்டியது. ஒரு நாள் மெஷ்ஷைக் கடித்துப் பல் ஒன்று உடைந்தது. அப்புறம் உள்ளேயே வட்டமடிக்கத் தொடங்கியது. விடிந்ததில் இருந்து பொழுது அடைகிற வரைக்கும் ஒரே வட்டம். யார் அந்தப் பக்கம் போனாலும் பல்லைக் காட்டிச் சீறியது. சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"தின்னுடா" என்று அவர் கெஞ்சிக்கூடப் பார்த்தார். "கறிடா. உனக்காகத்தான்டா வாங்கினேன்." அது அக்கரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அவன் அங்கன அப்படி என்னதான் போட்டான் உனக்கு என்று அவருக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"நாளுக்கு ஒரு தடவையாச்சும் சங்கிலியப் போட்டு நடக்கக் கூட்டிட்டுப் போங்க. அதுவும் உசுருதான" என்றாள் மகாலட்சுமி.

"ஒன் தம்பி வீட்டுப் பக்கம் இழுக்கும். அதுக்கா?"

அவள் அதற்கு மேல் பேசுவதை விட்டுவிட்டாள்.

திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு காலை நேரம். மகாலட்சுமி தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போவதைக் கருத்தக்கண்ணன் பார்த்தார். வேல்பாண்டிக்குக் காய்ச்சல் என்று முந்தின நாள் காதில் விழுந்திருந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாள். அவருக்குத் தலைக்குள் என்னவோ கொதித்தது. கையில் கொம்பனின் சோறு. வெளிக்கதவைத் திறந்தார். பார்வை முழுக்க மனைவியின் முதுகு மேல். அதே வேகத்தில் உள்கதவின் தாழையும் இழுத்தார்.

முன்கதவு திறந்து கிடந்தது.

கொம்பன் அவரை மோதித் தள்ளிவிட்டு வெளியே பாய்ந்தது. சோற்றுச் சட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எழுந்து பார்ப்பதற்குள் அது வரப்பில் பறந்துகொண்டிருந்தது. எதிரே மலையம்மாள் தலையில் புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்தாள். கறவை மாடு வைத்துப் பிழைக்கிறவள். அந்த வரப்புதான் அவளுக்குத் தினசரி வழி. இத்தனை நாளாக அடைந்து கிடந்த நாய் தன் மேல் வந்து விழுவதைப் பார்த்து அவள் அலறினாள். கட்டு சரிந்தது. கையை வீசினாள். வீசிய கையைக் கொம்பன் கவ்விக்கொண்டது.

"ஆத்தா! ஆத்தா! விடு, விடு!"

அந்தச் சத்தம் வேல்பாண்டிக்குக் கேட்டிருக்க வேண்டும். காய்ச்சல் உடம்போடு, போர்த்தியிருந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "கொம்பா, விடுடா!" என்று ஒரே ஒரு அதட்டல். நாய் வாயைத் திறந்தது. துண்டைக் கழுத்தில் சுற்றி அங்கே நின்ற வேப்பமரத்தில் கட்டினான். மலையம்மாளைத் தாங்கிக் கூட்டி வந்து மோட்டார்த் தண்ணீரில் கையை நீட்டச் சொன்னான். "அக்கா, சோப்பு கொண்டா!" என்று கத்தினான். காயத்தில் சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரிலேயே நெடுநேரம் பிடித்திருந்தான். மலையம்மாள் துடித்தாள். "பொறுத்துக்க ஆத்தா. இத நல்லாக் கழுவணும். கழுவிட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

அதற்குள் திராட்சை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து கூடிவிட்டார்கள். சிலர் கையில் கல். மலையம்மாளின் மகன் சுரேஷ்கண்ணன், பழக்கூடை ஏற்றிக்கொண்டிருந்த தன் லோடு ஆட்டோவை அப்படியே போட்டுவிட்டு வந்தான். தாயின் கையைப் பார்த்தான். நேராக வந்து வேல்பாண்டியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"நீதானடா அந்த நாயத் தெறந்து தெறந்து விடுறவன்? ஊருக்கே தெரியும்டா!"

பளீரென்று ஓர் அறை விழுந்தது.

வேல்பாண்டி கன்னத்தைப் பிடிக்கவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. திரும்பிக் கருத்தக்கண்ணனைப் பார்த்தான். அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கருத்தக்கண்ணனால் தாங்கியிருக்க முடியும். மகாலட்சுமியும் பார்த்தாள். சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நனைந்த சேலையோடு, என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தாள்.

கருத்தக்கண்ணனுக்கு மறுபடியும் அதே நினைப்பு ஓடியது. பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியது.

"விடுப்பா அவன!"

தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"அவன் தெறக்கல. இன்னிக்குத் தெறந்து போட்டது நான். அன்னிக்கும் அவன் தெறக்கல. நாயே மூக்கால தாப்பாளத் தள்ளித் தெறந்துச்சு. நான் ஒளிஞ்சிருந்து என் கண்ணால பாத்தேன். பாத்துட்டும் இவந்தான்னு ஊரெல்லாம் சொன்னேன்."

சுரேஷ்கண்ணனின் கை தானாகத் தளர்ந்தது. யாரோ ஒருவர், "நீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

லோடு ஆட்டோவிலேயே மலையம்மாளைக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டுக் கட்டுக் கட்டினார்கள். கருத்தக்கண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கட்டிலில் படுத்திருந்த மலையம்மாள் அவரை உள்ளே கூப்பிட்டாள்.

"ஆத்தா, உன் வைத்தியம் பூரா என் பொறுப்பு. மாட்டுக்குப் புல்லு அறுக்கவும் ஆள் போட்டுர்றேன். என்னைய மன்னிச்சுரு" என்றார்.

"என் கை ஆறிரும்யா" என்றாள் அவள். "ஒங்க நாயி கடிச்சதுக்கு இங்கன ஊசி இருக்கு. நீங்க ஒங்க மச்சினனக் கடிச்சீகளே, அதுக்கு எங்கன போயி ஊசி போடுவாக?"

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

வீட்டில் மகாலட்சுமி கோபப்படவில்லை. "எந் தம்பி வராம, நான் பேசாம, இந்த வீடு இத்தன நாளு இருந்துச்சே. அது ஒங்களுக்கு நல்லாவா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

கொம்பனைப் பார்க்கக் கால்நடை மருத்துவர் இவாஞ்சலின் வந்தார். தடுப்பூசி எல்லாம் போட்டிருந்ததால் பயமில்லை என்றாலும், சில நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்றார். உடைந்த பல்லையும் புண்ணான வாயையும் பார்த்தார். கூண்டையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கூண்டு அருமையாக் கட்டியிருக்கீங்க. இந்த மாதிரி நாய்க்கு இப்படித்தான் இருக்கணும். ஆனா நாள் பூரா இதுக்குள்ளேயே கிடந்தா எந்த நாயும் முரடாத்தான் போகும். இது ஓடணும், அலையணும். பக்கத்துல ஒரு ஆள் வேணும். இது யாரோட இருக்கும்?"

"என் மச்சினனோட" என்றார் கருத்தக்கண்ணன். அந்தச் சொல்லை அத்தனை நாளும் வயிற்றெரிச்சலோடு மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார்.

அன்று சாயங்காலம் தோப்புக்குப் போனார். வேல்பாண்டி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எழுந்து இடம் விட்டான்.

"மாப்ள, நான் செஞ்சது தப்புடா. தெரிஞ்சே செஞ்சேன்."

வேல்பாண்டி ஒரு தென்னையில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னான். "அடிச்சதுகூட வலிக்கல மச்சான். ஊர்ல ஒருத்தர்கூட, இவன் அப்படிச் செய்ய மாட்டான்னு சொல்லல பாருங்க. நீங்க சொன்னா எல்லாரும் நம்புறாக. அதுதான் வலிச்சுச்சு."

கருத்தக்கண்ணன் தலை குனிந்திருந்தார். பிறகு, கேட்கக் கூசிக் கேட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லு. அப்படி என்னதான் போட்ட அதுக்கு?"

"ஒரு பருக்கைகூடப் போட்டதில்ல மச்சான். சோத்துக்கு அது ஒங்க வீட்டுக்குத்தான வந்துச்சு? நான் மட்டை பொறக்கப் போவேன், அது கூட வரும். தண்ணி பாய்ச்சப் போவேன், கூட வரும். என்னத்தையாச்சும் பேசிக்கிட்டே போவேன். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தானா? கருத்தக்கண்ணன் யோசித்துப் பார்த்தார். கறி வாங்கியிருக்கிறார், முட்டை உடைத்திருக்கிறார், இரும்பில் மாளிகை கட்டியிருக்கிறார். ஒரு நாளாவது அதன் கூட நடந்திருக்கிறாரா? மகாலட்சுமியிடம், வேலை சொல்வதைத் தவிர என்ன பேசியிருக்கிறார்?

"வீட்டுக்கு வாடா" என்றார்.

"வாரேன் மச்சான். இப்ப வேணாம். கொஞ்ச நாளாகட்டும்" என்றான் வேல்பாண்டி. அதைச் சிரிக்காமல்தான் சொன்னான்.

அவன் வருவதற்கு மாசங்கள் ஆயின. அதற்குள் கருத்தக்கண்ணன் கொம்பனைச் சங்கிலியில் பிடித்து வாய்க்கால் கரையில் நடத்தக் கற்றுக்கொண்டிருந்தார். முதலில் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. பிறகு இழுப்பு குறைந்தது. நடந்துவிட்டு வந்தால் கூண்டுக்குள் தானாகப் போய்ப் படுத்தது. டீக்கடையில் அவர் பக்கத்தில் இடம் விட்டு ஒதுங்கி உட்கார்கிறவர்கள் இன்னும் இருந்தார்கள். அவரும் அதை யார் தலையிலும் போடவில்லை.

ஒரு நாள் ஜெய்லானி சொல்லி அனுப்பியதாகத் தேவதானப்பட்டியில் இருந்து விஜயகுமார் என்று ஒருவர் காரில் வந்தார். புதிதாகத் தோட்டம் வாங்கி, பெரிய நாய் ஒன்று வளர்க்கிறவர். கூண்டை அளந்து பார்த்தார். படம் எடுத்தார். கருத்தக்கண்ணன் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். அடியில் கம்பி ஏன் விரிக்க வேண்டும், மெஷ்ஷை ஏன் உள்பக்கம் அடிக்க வேண்டும், தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எல்லாம். ரெட்டைக் கதவைக் காட்டும்போது மட்டும் முன்கதவைத் தானே ஒரு முறை சாத்தித் தாழிட்டுக் காட்டினார். "நாயி நம்முதா இருக்கலாம் தம்பி. வரப்புல நடக்குற சனம் நம்மள நம்பி நடக்குது. முன் கதவச் சாத்தாம உள் கதவத் தொட்றாதீக."

விஜயகுமார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னண்ணே. சோறு போடுறது நானு. அது நம்ம தோட்டத்து வாட்ச்மேன் பின்னாடியே திரியுது. கூண்ட விட்டு வெளிய வந்தா அவன் ரூம் வாசல்லதான் படுத்துக் கெடக்கு. அந்த ஆளு என்னமோ பண்றான்னு எனக்குச் சந்தேகம். ஆள மாத்திரலாமான்னு பாக்குறேன்."

கருத்தக்கண்ணன் வாய்க்கால் பக்கம் திரும்பினார். அக்கரையைப் பார்த்தார். பிறகு விஜயகுமாரின் தோளில் கை வைத்தார்.

"கூண்டக் கெட்டியாக் கட்டுங்க தம்பி. அது ஊருக்கு நாம செய்ய வேண்டிய கடமை. ஆனா எம்புட்டு இரும்பப் போட்டாலும் அது ஒடம்பத்தான் நிறுத்தி வைக்கும். நமக்குப் பிரியமானது ஒண்ணு இன்னொருத்தனத் தேடிப் போச்சுன்னா, அவன் மேல பழியப் போட்றாதீக. நான் போட்டு, நாசமாப் போனவன். அந்த ஆளு பக்கத்துல ரெண்டு நாளு போயி ஒக்காந்து, அவன் என்ன செய்யுறான்னு பாருங்க. சண்டைக்குப் போகாதீக தம்பி, கத்துக்கப் போங்க."